ஏற்றி இறக்கிய விமானம்

எனக்கு ஏர்போர்ட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்று தெரிந்ததும் எங்கள் காலனியில் பாதிப்பேர் வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெண் பார்க்க வந்தவர்களைப் போல மேலும் கீழும் பார்த்தார்கள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பெற்றவள் நான். அத்தனை கண்கள் என்மீது விழுந்தது கல்யாணத்தன்று கூட இல்லை.

ஏர்போர்ட் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி, முந்திரித் தோப்புகள் முடிகிற இடத்தில் பல காலமாகச் சும்மா கிடந்த ஓடுதளம் அது. சின்ன ஊர்களுக்கும் விமானம் விடப்போகிறார்கள் என்று திட்டம் வந்தபோது அதற்குப் புதுத் தார் போட்டு, சுற்றிலும் வேலி கட்டி, ஓரத்தில் ஒரு சின்ன டெர்மினல் எழுப்பினார்கள். ஒரே ஒரு கவுண்டர், ஒரு எடை மெஷின், நீல நாற்காலிகள். விமானத்தில் குறிப்பிட்ட சீட்டுகளுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கும், மிச்சத்தைக் கொடுத்துச் சாதாரண ஜனங்களும் சென்னைக்குப் பறக்கலாம் என்றார்கள். சேவையை நடத்தப்போவது ஏதோ ஒரு வெளியூர் விமானக் கம்பெனி. எங்களை வேலைக்கு எடுத்ததோ ஆள் அனுப்புகிற ஒரு காண்டிராக்டர். ஆக, நானும் காண்டிராக்ட். சுரங்கத்தில் என் கணவரும் காண்டிராக்ட். வீட்டில் நிரந்தரமாக இருந்தது என் மாமியார் மட்டும்தான்.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சொந்தம் எதுவும் இல்லை, பழக்கம். நான் பிறந்தது பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகை. அவர்களுக்குக் கம்மாபுரம் பக்கத்தில் ஒரு ஊர். அந்த ஊர் இப்போது இல்லை. சுரங்கத்துக்காக நிலத்தை எடுத்தபோது வீடும் போனது, கிணறும் போனது, இரண்டு போகம் விளைந்த நஞ்சையும் போனது. மாற்றுக் குடியிருப்பு என்று கொடுத்த காலனியில்தான் நாங்கள் இருக்கிறோம். மகனுக்கு நிரந்தர வேலை கிடைக்கும் என்று அத்தை நம்பிக்கொண்டிருந்தார். மகனுக்கு முன்தலை நரைத்துவிட்டது, இன்னும் கிடைக்கவில்லை. அதனால் அவரிடம் எந்த நல்ல செய்தியைச் சொன்னாலும் முதலில் வாயைத் திறக்க மாட்டார். என் வேலையைப் பற்றிச் சொன்னபோதும் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டார்.

"ப்ளேன் வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல அத்த. சீக்கிரம் வரும். அதுக்குத்தான் ஆள் எடுக்கறாங்க."

"வரட்டும், பாத்துக்கலாம்."

அவ்வளவுதான். 

எங்களைச் சென்னைக்கு அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுத்தார்கள். எப்படிக் கை குவிப்பது, பெட்டியில் எப்படி அட்டையைக் கட்டுவது, பயணி கோபப்பட்டால் எப்படிக் குரலைத் தாழ்த்திப் பேசுவது, எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழிலும் இங்கிலீஷிலும் இந்தியிலும் அறிவிப்புகளை மனப்பாடம் செய்தேன். இந்தி அறிவிப்பைச் சமையல் செய்துகொண்டே சொல்லிப் பார்ப்பேன். என் சின்ன மகன் அதைக் கேட்டுக் கேட்டு, நான் ஒரு வார்த்தையை விட்டுவிட்டால் எடுத்துக்கொடுக்கிற அளவுக்குத் தேறிவிட்டான்.

திரும்பி வந்து வேலையில் உட்கார்ந்தோம். உட்கார்ந்தோம் என்பதுதான் சரியான சொல். லைசென்ஸ் வர வேண்டும், அந்த அனுமதி வர வேண்டும், இந்த அனுமதி வர வேண்டும் என்று தள்ளிக்கொண்டே போனது. காலையில் போய்ச் சீருடையைச் சரிசெய்துகொண்டு கவுண்டருக்குப் பின்னால் நிற்பேன். நாற்காலிகளுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட நாங்கள் பிரிக்கவில்லை. தீயணைப்பு வண்டியைத் தினமும் கழுவினார்கள். சுரங்கத்திலிருந்து வருகிற கரித்தூள் தினமும் அதன்மேல் படிந்தது. மறுநாள் மறுபடியும் கழுவினார்கள்.

உள்ளேயே ஒரு டீக்கடைக்கு இடம் விட்டிருந்தார்கள். அதை எடுத்து நடத்தியவர் மேல்பட்டாம்பாக்கத்து பாய். அறுபதை ஒட்டிய வயது. ஊரில் மகனிடம் மளிகைக் கடையை விட்டுவிட்டு, விமானம் வருகிற இடத்தில் வியாபாரம் நன்றாக இருக்கும் என்று நம்பி வந்தவர். பயணிகள் இல்லாததால் எங்களுக்குத்தான் டீ போட்டுக்கொண்டிருந்தார். "கூட்டம் வரும்னு கடை போட்டேன் பாப்பா. கடைசியில கூட்டமே நீங்க நாலு பேருதான்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். போகப் போக அந்தச் சிரிப்பும் குறைந்தது.

காலனியில் என்னைக் கண்டாலே எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். தண்ணீர்க் குழாயில், ரேஷன் கடையில், பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலில். "எப்பம்மா ப்ளேன் வருது?" முதலில் "அடுத்த மாசம்" என்று சொன்னேன். எங்கள் சூப்பர்வைசர் எங்களுக்குச் சொன்னதை நான் அவர்களுக்குச் சொன்னேன். சில மாதங்களுக்குப் பிறகு அதே கேள்வியில் கிண்டல் சேர்ந்துவிட்டது. "ஏம்மா, இன்னைக்கு எத்தினி ப்ளேன் ஓட்டுன?" என்று என் வயசுப் பெண்களே கேட்டார்கள். நான் வேறு தெருவாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன்.

அத்தை மட்டும் கேட்கவில்லை. ஆனால் எல்லோரையும்விட அவருக்குத்தான் விமானம் தேவைப்பட்டது.

என் நாத்தனாரைச் சென்னையில் அம்பத்தூரில் கொடுத்திருந்தது. பல வருஷம் பிள்ளையில்லாமல், கோயில் கோயிலாகப் போய், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, கடைசியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் அங்கேதான் பார்க்க வேண்டும் என்று அவள் புகுந்த வீட்டில் சொல்லிவிட்டார்கள். குழந்தையை இங்கே அனுப்பவும் மறுத்தார்கள். அத்தையால் அங்கே போக முடியவில்லை. அவருக்கு இடுப்பு எலும்பு தேய்ந்திருந்தது. பண்ருட்டி வழியாக விழுப்புரம் போகிற ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வருஷக்கணக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அவருக்கு உயிர் போய் வரும். அதோடு, பஸ்ஸில் ஏறினாலே வாந்தி. குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, எல்லாவற்றையும் என் போனில்தான் பார்த்தார். பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தரும்போது திரையை முந்தானையால் துடைத்துத் தருவார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் சூப்பர்வைசர் எங்களைக் கூப்பிட்டார். அவர் திருச்சிக்காரர், பெரிய ஏர்போர்ட்டில் வேலை பார்த்தவர். மோசமானவர் என்று சொல்ல மாட்டேன். மேலே இருப்பவர்கள் சொன்னதை அப்படியே கீழே சொல்கிறவர்.

"வர்ற வாரம் ஏர்லைன்ஸ்காரங்க விளம்பரப் படம் எடுக்கறாங்க. நெஜமான ப்ளேனே வருது. பேசஞ்சருக்கு ஆள் வேணும். லோக்கல் முகமா இருக்கணும்னு சொல்றாங்க. ஆளுக்கு ரெண்டு மூணு பேரை வீட்லேர்ந்து கூட்டிட்டு வாங்க. நல்ல டிரஸ், கையில ஒரு பெட்டி. சாப்பாடு தருவாங்க."

"பெட்டிக்குள்ள என்ன சார் வைக்கணும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒண்ணும் வேணாம்மா. காலிப் பெட்டி போதும். தூக்கறதுக்கு சுலபமா இருக்கும்."

வீட்டுக்கு வந்து அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. படம் எடுப்பார்கள், ஏறச் சொல்வார்கள், உட்காரச் சொல்வார்கள், பிறகு இறங்கிவிட வேண்டும், வருகிறீர்களா என்று கேட்டேன். வர மாட்டேன் என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் கேள்வி கேட்டார்.

"அந்த ப்ளேன் எங்கேர்ந்து வருது?"

"மெட்ராஸ்லேர்ந்து அத்த."

"படம் எடுத்தப்புறம்?"

"திரும்பவும் மெட்ராசுக்கே போயிடும்."

"யாரு போவா அதுல?"

"யாரும் இல்ல. ஓட்டறவங்க மட்டும்தான்."

"சரி, வரேன்" என்றார்.

அன்றைக்கு அவர் கேட்ட கேள்விகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர்க்கதை கேட்பதுபோலக் கேட்கிறார் என்று விட்டுவிட்டேன்.

படம் எடுக்கும் நாள் காலையிலேயே டெர்மினல் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறைகளை முதல்முறையாகப் பிரித்தோம். வேனில் வந்து இறங்கிய பெண்கள் எல்லோரும் பட்டுப்புடவை. மந்தாரக்குப்பத்திலிருந்து ஒரு குடும்பமே மாலை போட்ட மணமக்களோடு வந்திருந்தது. நேற்றுத்தான் கல்யாணம் முடிந்ததாம். படம் எடுக்க வந்தவர்கள் சென்னைக்காரர்கள், சின்ன வயசுக்காரர்கள். அவர்களில் டைரக்டர் என்று எல்லோரும் சொன்னவன் தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்தான். எல்லோரையும் நிறுத்திப் பார்த்துவிட்டு டீக்கடை பாயைக் கூப்பிட்டான்.

"நீங்க முஸ்லிம்தானே சார்? உங்க தொப்பி இருக்கா? போட்டுக்கிட்டு இவங்களோட நில்லுங்க. எல்லாத் தரப்பும் ஃபிரேம்ல தெரியணும்."

"தொழுகைக்குத்தாங்க போடுவேன். வேலை பாக்கும்போது போடறதில்ல" என்றார் பாய்.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு சார்."

பாய் கடைக்குள் போய்ச் சட்டையை மாற்றி, தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அவர் என் பக்கம் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்காத மாதிரி கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

விமானம் வந்து இறங்கியபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை மாதம் இதற்காகத்தான் நின்றேன். சின்ன விமானம்தான். இறக்கைக்கு ஒன்றாக விசிறி சுற்றுகிற ரகம். வேலிக்கு வெளியே முந்திரி மரங்களில் ஜனம் ஏறி நின்று விசிலடித்தது. தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

கவுண்டரில் நான் போர்டிங் பாஸ் கொடுக்க வேண்டும், சிரிக்க வேண்டும், பெட்டியை எடை மெஷினில் வைக்க வேண்டும். காமிரா என் முகத்துக்கு நேராக. ஒவ்வொருவராக வந்தார்கள். பெட்டிகளை ஒரு விரலால் தூக்கி வைத்தேன். எல்லாம் காலி. அத்தையின் முறை வந்தது. அவர் தன் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டியிருந்தார். கையில் பெரிய ரெக்சின் பை. தூக்கப் போனேன், கை இழுத்தது.

"என்ன அத்த இது, இவ்ளோ கனம்?" என்று சிரிப்பு மாறாமல் உதட்டை அசைக்காமல் கேட்டேன்.

"கொழந்தைக்கு" என்றார்.

"கொழந்தைக்கா?"

"வசம்பு வளையல் இருக்குது. ஒரை மருந்து இருக்குது. பழைய வாயில் பொடவையெல்லாம் கிழிச்சித் தொவைச்சி எடுத்தாந்திருக்கேன். முந்திரிக்கொட்ட ஒடச்சது கொஞ்சம்."

"அத்த, நான்தான் சொன்னனே..."

"மேடம், பேசாதீங்க, ஸ்மைல்!" என்று டைரக்டர் கத்தினான். நான் சிரித்தேன். போர்டிங் பாஸை நீட்டினேன். அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கி, மடிக்காமல், ரவிக்கைக்குள் செருகினார். அது அசல் அட்டைதான். அதில் நெய்வேலி என்றும் சென்னை என்றும் அச்சடித்திருந்தது.

வெயிலில் வரிசையாக நடந்து போனார்கள். மணமக்கள் முன்னால், பாய் நடுவில், அத்தை கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. படிக்கட்டு ஏறும்போது மட்டும் நான் ஓடிப்போய்க் கை கொடுத்தேன். அதையும் படம் எடுத்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். உள்ளே எல்லோரையும் உட்கார வைத்து, பெல்ட் போடச் சொல்லி, ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொல்லி, வெகு நேரம் எடுத்தார்கள். பிறகு "ஓகே, பேக்கப்" என்ற சத்தம் கேட்டது. ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிற இடத்தில் தள்ளுமுள்ளு ஆரம்பித்துவிட்டது.

அத்தை இறங்கவில்லை.

இடுப்பு வலியால் எழ முடியவில்லை போல என்று நினைத்து நான் மேலே போனேன். ஜன்னலோரத்து சீட்டில் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தார். பை மடியில் இருந்தது.

"வாங்க அத்த, முடிஞ்சிடுச்சி."

"நீ போம்மா. நான் வந்துக்கறேன்."

"எங்க?"

"இது மெட்ராசுக்குத்தான போவுது? காலியாத்தான போவுது? ஒரு ஓரமா குந்திகினு போறேன். அங்க எறங்கி மாப்பிள்ளைக்கு ஒரு போன் போடச் சொல்றேன், வந்து இட்டுகினு போவட்டும்."

எனக்கு அப்போதுதான் அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அர்த்தம் புரிந்தது. அவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. எல்லாவற்றையும் சரியாக விசாரித்து, சரியாகக் கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தார். சென்னைக்குப் போகிற விமானம், அதில் காலி சீட்டு, கையில் பேத்திக்கு வேண்டியது. இதில் எங்கே தப்பு இருக்கிறது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

"அப்படியெல்லாம் போக முடியாது அத்த. சேவை இன்னும் தொடங்கல. உங்களுக்கு டிக்கெட் இல்ல."

அவர் ரவிக்கைக்குள்ளிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். "நீதான குடுத்த?"

விமானம் ஓட்ட வந்தவன் ஒரு வடநாட்டுப் பையன். முன்னாலிருந்து எழுந்து வந்து என்ன விஷயம் என்று இங்கிலீஷில் கேட்டான். சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது. சீட்டுப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, "அம்மா, சாரி அம்மா" என்றான். தமிழில் அவனுக்குத் தெரிந்தது அம்மா ஒன்றுதான். பயணிகளை ஏற்ற அவர்களுக்கு அனுமதி இல்லை, ஏற்றினால் தன் வேலை போய்விடும் என்று சொன்னான். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"ஒரு தப்பும் செய்யாதவன் வாயில எதுக்கும்மா இதைச் சொல்ல வெக்கறாங்க?" என்றார் அத்தை. அவனைத் திட்டவில்லை. அவன் தலையைத் தடவிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

பிறகு சூப்பர்வைசர் ஏறி வந்தார். அவருக்குப் பின்னால் டைரக்டரும் காமிராக்காரனும். "என்னம்மா இது, உங்க வீட்டு ஆளா? ப்ளேன் கெளம்பணும், லேட்டாவுது. எறக்குங்க முதல்ல" என்று என்னிடம் கத்தினார். பிறகு அத்தையிடம், "எறங்கும்மா, எறங்கு" என்றார்.

அந்தச் சொல்லில்தான் அத்தைக்கு எங்கோ பிடித்துக்கொண்டது. அதுவரை மெதுவாகப் பேசியவர் சத்தமாகப் பேசினார்.

"எறங்கு எறங்குன்னு எத்தினி தடவ சொல்லுவீங்க? வூட்டவுட்டு எறங்குன்னாங்க, எறங்கனோம். நெலத்தவுட்டு எறங்குன்னாங்க, நட்ட நாத்த அப்படியே வுட்டுட்டு எறங்கனோம். இதுல நீங்களாத்தான ஏத்திவுட்டீங்க, இப்ப இதுலேர்ந்தும் எறங்குன்றீங்க? நான் என்னா உங்க ப்ளேன வூட்டுக்கா எடுத்துகினு போவப்போறேன்? காலியா போறதுல குந்திகினு வரேன்னுதான சொல்றேன்?"

 டைரக்டர் பையன் காமிராக்காரனைப் பார்த்தான். அவன் தோளிலிருந்து காமிராவை இறக்கவில்லை.

சூப்பர்வைசர் என்னைத் தனியாக வாசல் பக்கம் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தினார். செக்யூரிட்டியைக் கூப்பிட்டால் கேஸாகிவிடும், கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், என் காண்டிராக்ட் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். மிரட்டலாகக்கூடச் சொல்லவில்லை. அவருக்கும் அதே பயம் இருந்தது தெரிந்தது.

நான் திரும்பிப் போய் அத்தைக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன்.  அந்தச் சீட்டில் புது ரப்பர் வாசனை அடித்தது. ஜன்னலில் ஓடுதளம் கண்ணுக்கெட்டிய மட்டும் கறுப்பாகப் போனது. பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு வார்த்தையும் அந்த நேரத்துக்கு உதவவில்லை.

அத்தைதான் பேசினார். "என்னா சொல்றான்? உன் வேல போயிடுமாமா?"

நான் அவர் மடியிலிருந்த பையைப் பார்த்தேன்.

"புள்ளைங்க படிக்குதுங்க" என்று அவராகவே சொல்லிக்கொண்டார். பெல்ட்டை எப்படிக் கழற்றுவது என்று தெரியாமல் இழுத்தார். நான் கழற்றிவிட்டேன். பையை என்னிடம் தரவில்லை, அவரே தூக்கிக்கொண்டார். வாசலில் வந்து நின்றபோது வெயில் நேராக முகத்தில் அடித்தது. கண் கூசி, கையை நெற்றிக்கு மேலே தூக்கி மறைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கினார். நாங்கள் டெர்மினலுக்குள் போவதற்கு முன்பே விமானம் நகர ஆரம்பித்துவிட்டது. அது மேலே போகிற சத்தம் கேட்டும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பாய் ஓடி வந்து ஒரு டீயைக் கையில் கொடுத்தார். அத்தை அதை நின்றபடியே குடித்தார். சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

சில வாரங்களில் அந்த விளம்பரப் படம் எல்லோருடைய போனிலும் வந்துவிட்டது. பாட்டு, மணமக்கள், தொப்பியோடு பாய், நான் சிரிப்பது. கடைசியில் விமானத்தின் வாசலில் அரக்குப் பட்டுடன் அத்தை. வெயிலுக்கு மறைத்த கை, பார்க்கிறவர்களுக்கு டாட்டா காட்டுகிற மாதிரி இருந்தது. அதன்மேல் எழுத்து ஓடியது: எங்கள் ஊரிலிருந்து வானத்துக்கு.

காலனியில் அத்தைக்கு ஒரே பாராட்டு. "ப்ளேன்ல போனியாமே, எப்டி இருந்துச்சி?" என்று கேட்டவர்களிடம் அவர் முதலில் நடந்ததைச் சொன்னார். யாரும் நம்பவில்லை. கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு இவர் சொல்வதை யார் நம்புவார்கள்? பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார்.

அம்பத்தூரிலிருந்து போன் வந்தது. என் நாத்தனார் அழுதுகொண்டே பேசினாள்.

"மெட்ராஸ் வரைக்கும் ப்ளேன்ல வந்திருக்க. எங்க வூட்டுக்கு வர ஒனக்கு வழி தெரியலியா? கொழந்தைய வந்து பாக்கணும்னு தோணலியா? எங்க மாமியாரு எல்லார்கிட்டயும் படத்தக் காட்டிக் காட்டிச் சிரிக்குது, பஸ்ஸுல வரமுடியாதுன்னியே உங்கம்மாவுக்கு, ப்ளேன்ல எல்லாம் வருதுன்னு."

"அது மேலயே போவல கண்ணு. ஏத்தி எறக்கிட்டாங்க" என்றார் அத்தை.

"பொய் சொல்லாதம்மா. நான்தான் பாத்தனே" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். நான் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. என் கணவர் கூப்பிட்டார், அவரிடம் மட்டும் பேசினாள். அவர் சொன்னதையும் முழுதாக நம்பவில்லை. அம்மாவைக் காப்பாற்றப் பேசுகிறாய் என்றாளாம்.

அந்த வாரமே அத்தை பஸ்ஸில் கிளம்பினார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை. நான் கூடப் போனேன். பண்ருட்டி வருவதற்குள் இரண்டு முறை வாந்தி. அதற்குப் பிறகு எண்ணவில்லை. பள்ளங்களில் பஸ் குதிக்கும்போதெல்லாம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். உட்கார்ந்தால் இன்னும் வலித்தது. விக்கிரவாண்டி தாண்டியதும் என் தோளில் சாய்ந்து, "அந்தப் பையன் நல்லவன்" என்றார். விமானம் ஓட்ட வந்தவனைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது.

அம்பத்தூரில் போய் இறங்கியபோது அவர் புடவையில் வாந்தி வாசம் வீசியது. வாசலில் நின்ற சம்பந்தியம்மா, "வாங்க வாங்க. ப்ளேன்ல வர்றவங்களுக்கு எங்க வூட்டு சேர் சரிப்படுமான்னு தெரியல" என்றார். அத்தை தரையில் உட்கார்ந்துகொண்டார். மகள் குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். முகம் தெரியாத குழந்தை வீறிட்டு அழுதது. அத்தை அதன் கையில் வசம்பு வளையலைப் போட்டார். இந்தக் காலத்தில் இதெல்லாம் போடக்கூடாது, அலர்ஜியாகும் என்று சம்பந்தி அதைக் கழற்றி அலமாரியில் வைத்தார். என் நாத்தனார் தன் அம்மாவின் முகத்தையும் புடவையையும் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது உண்மை தெரிந்துவிட்டது. ஆனால் அதை மாமியார் வீட்டில் சொல்ல அவளுக்கு வழியில்லை. சொன்னால் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டவளின் மகள் என்று இன்னொரு பேச்சு. அவள் பேசாமல் இருந்துவிட்டாள். இரண்டு நாள் இருந்துவிட்டு அதே ரோட்டில் திரும்பி வந்தோம். அத்தை அதற்குப் பிறகு ஒரு மாதம் படுக்கையில் கிடந்தார்.

விமானச் சேவை தொடங்கவில்லை. அந்தக் கம்பெனியிடம் விமானங்களே போதவில்லை என்றார்கள், நஷ்டம் என்றார்கள், வேறு கம்பெனி வரப்போகிறது என்றார்கள். பாய் கடையை எடுத்துவிட்டார். கெட்டுப்போகிற தேதி நெருங்கிய பிஸ்கட்டுகளை எல்லாம் எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். "படத்துல நல்லா இருக்கேன்னு பேரன் சொல்றான்" என்றார்.  அத்தை எதற்காக இறங்கினாரோ அந்த வேலையும் நிலைக்கவில்லை. காண்டிராக்டர் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் நிறுத்தினார். சூப்பர்வைசர் திருச்சிக்கே போய்விட்டார். நான் வடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்தேன். பயிற்சியில் கற்ற கை குவிப்பு அங்கே பயன்பட்டது.

இப்போது மறுபடியும் ஒரு காண்டிராக்டர் கூப்பிட்டிருக்கிறார். அனுமதியெல்லாம் வந்துவிடும், புதுக் கம்பெனி, பழைய ஆட்களுக்கு முன்னுரிமை என்றார். ஆஸ்பத்திரி வேலையைவிட இது வீட்டுக்குப் பக்கம். கணவர் உன் இஷ்டம் என்றார். அத்தையிடம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. அவர் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"போ" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நம்மளுக்கு யாரு வாசல்ல வந்து வேல குடுக்கப் போறாங்க?"

"ப்ளேன் வருமான்னு தெரியல அத்த."

"வந்தா என்னா, வராட்டி என்னா? உனக்குச் சம்பளம் வரட்டும். படம் எடுக்கறோம்னு யாராவது வந்தா மட்டும் வூட்டுல சொல்லாத."

போன வாரம் சேர்ந்திருக்கிறேன். ஓடுதளத்தின் ஓரங்களில் மறுபடியும் புல் முளைத்திருக்கிறது, அதைச் சுரண்டுவதற்கு ஆட்கள் வைத்திருக்கிறார்கள். தண்ணீர்க் குழாயில் நேற்று ஒரு பெண் கேட்டாள், எப்பம்மா ப்ளேன் வருது என்று. புதிதாகக் குடிவந்தவள், கிண்டலில்லாமல் கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நேர்த் தெருவிலேயே நடந்து வந்தேன்.